வகுப்பு முடிந்தபின் வரும் பத்து நிமிடம்

பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்க வைக்கிறோம் என்றால், உறவினர்களின் முதல் கேள்வி "பரீட்சை எப்படி எழுதுவாள்?" என்பதுதான். அதற்குப் பதில் சொல்வது எளிது. தேசியத் திறந்தநிலைப் பள்ளிக் கல்வி நிறுவனம் 1989 முதல் இருக்கிறது; 14 வயது நிறைந்தால் பத்தாம் வகுப்புக்குப் பதிவு செய்துகொள்ளலாம். உறைப்பது இரண்டாவது கேள்வி: "பழக ஆள் வேண்டாமா?" பன்னிரண்டு வயது வரை என் மகளுக்குத் தெருப் பிள்ளைகளே போதுமாக இருந்தார்கள். அதன் பிறகு அவர்கள் ஒவ்வொருவராக டியூஷனுக்குள் காணாமல் போனார்கள். இந்த மூன்று ஆண்டுகளில் நான்கு வகை இணையக் குழுக்களில் அவளைச் சேர்த்துப் பார்த்துவிட்டோம்.

முதலில் சேர்த்தது நாற்பது பேர் கொண்ட நேரலை வகுப்பு. ஆசிரியர் கெட்டிக்காரர்; வேதியியலை அவரைப்போல் யாரும் விளக்கியதில்லை. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆசிரியர் வாயே திறக்காமல் ஒரு மணி நேரத்தையும் பிள்ளைகளுக்கே பங்கிட்டுக் கொடுத்தாலும், ஒருவருக்கு ஒன்றரை நிமிடம்தான் கிடைக்கும். ஆறு மாதம் கழித்து, கூடப் படித்தவர்களில் ஒருவர் பெயரைக்கூட அவளால் சொல்ல முடியவில்லை. பாடம் மட்டும் போதும் என்றால் பதிவு செய்யப்பட்ட காணொளியே மேல், புரியாத இடத்தைத் திரும்ப ஓட்டிப் பார்த்துக்கொள்ளலாம்.

இதற்கு நேர் எதிர், டிஸ்கார்டு போன்ற செயலிகளில் இயங்கும் திறந்த அரட்டைக் குழு. பதின்மூன்று வயதானால் கணக்குத் தொடங்கலாம். கூச்ச சுபாவமுள்ள பிள்ளைக்கு எழுத்து ஒரு நல்ல வாசல் என்பதை ஒப்புக்கொள்கிறேன். என் மகள் அந்நியர்களிடம் முதன்முதலில் நகைச்சுவையாகப் பேசியது அங்கேதான். ஆனால் எதிரில் இருப்பவருக்குப் பதினான்கு வயதா நாற்பதா என்று அறிய வழியில்லை. பேச்சு களைகட்டுவதும் நள்ளிரவுக்குப் பிறகுதான். நாங்கள் இரண்டு மாதத்தில் விலகிவிட்டோம்.

உண்மையான போட்டி மற்ற இரண்டுக்கும் இடையில்தான்: பெரியவர் ஒருவர் நடத்தும் ஆறு பேர் குழுவா, பிள்ளைகள் தாங்களே நடத்திக்கொள்ளும் குழுவா?

முதல் வகையில் ஒரு மணி நேரத்தில் ஒருவருக்குப் பத்து நிமிடம் கிடைக்கிறது, ஒளிந்துகொள்ள இடமில்லை. ஆறு என்ற எண்ணிக்கையும் முக்கியம். நால்வர் என்றால் இருவர் வராத வாரம் அது டியூஷன் ஆகிவிடும். எட்டுப் பேர் என்றால் இருவர் பேச மற்றவர்கள் கேட்டுக்கொண்டிருப்பார்கள். கட்டணம், பெரிய வகுப்புக்குக் கொடுத்ததைப்போல மூன்று மடங்கு ஆயிற்று. வாரம் ஒரு சிறுகதையும் ஒரு கணிதப் புதிரும் எடுத்துக்கொண்டார்கள். எங்களுக்கு வாய்த்த முதல் வழிகாட்டிக்கு மௌனம் ஆகாது. பிள்ளைகள் யோசிக்கும் மூன்று வினாடிக்குள் விடையைத் தானே சொல்லிவிடுவார். அடுத்து வந்தவர் ஓய்வுபெற்ற நூலகர். கேள்வியைப் போட்டுவிட்டுத் தேநீர் குடிப்பார். நேரம் முடிந்ததும் "நான் கிளம்புகிறேன், நீங்கள் இருங்கள்" என்று அறையைத் திறந்து வைத்துவிட்டுப் போவார். அந்தப் பத்து நிமிடத்தில்தான் என் மகளுக்குத் தோழிகள் கிடைத்தார்கள்.

இங்கே ஒரு சில்லறை விஷயம் பெரிய வேலை செய்கிறது. ஜூமின் இலவசக் கணக்கில் கூட்டம் 40 நிமிடத்தில் அறுந்துவிடும். கூச்சக்காரப் பிள்ளை வாய் திறப்பது ஏறக்குறைய அந்த நேரத்தில்தான். நூலகர், அப்படி அறுந்துவிடாத ஜிட்சி என்ற இலவசக் காணொளிச் செயலிக்கு மாறினார்.

ஒரே பாடத்திட்டத்தை வைத்துக் குழு சேர்க்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. பள்ளிப் பிள்ளைகளுக்கு அது சரி. திறந்தநிலைக் கல்வியிலோ ஐந்து பாடங்களை அவரவரே தேர்ந்தெடுக்கிறார்கள். பொதுத்தேர்வும் ஆண்டுக்கு இருமுறை நடப்பதால், ஒருத்தி ஏப்ரலுக்குத் தயாராகும்போது இன்னொருத்தி அக்டோபருக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்றிருப்பாள். அப்படிச் சேர்த்த ஒரு குழு முதல் தேர்வோடு கலைந்ததைப் பார்த்தேன். பாடத்தைவிட, சேர்ந்து செய்ய ஒரு வேலை இருந்தால் குழு நிலைக்கிறது.

நான்காவது வகையில் அந்த வேலை தானாக வந்து சேர்ந்தது. நூலகரின் குழுவிலிருந்து மூவரும் டொரன்டோவிலுள்ள ஒரு தமிழ்ப் பெண்ணும் சேர்ந்து கையெழுத்துப் பத்திரிகை தொடங்கினார்கள். அவரவர் பக்கத்தைக் கையால் எழுதிப் படமெடுத்து அனுப்ப வேண்டும். சனிக்கிழமை நம் மாலை ஏழு மணிக்குக் கூட்டம். கோடையில் அவளுக்கு அப்போது காலை ஒன்பதரை. நவம்பரில் அங்கே கடிகாரத்தைப் பின்னுக்கு வைத்துவிட்டால் எட்டரை. போர்வைக்குள்ளிருந்தே பேசுவாள். பெரியவர்கள் யாரும் கிடையாது. கணினி மட்டும் எங்கள் கூடத்தில் இருந்தது, நான் அடுக்களையில் இருந்தேன். எல்லாவற்றையும் பதிவு செய்யலாமா என்று ஒரு தாய் கேட்டார். பதிவாகிறது என்று தெரிந்தால் பிள்ளைகள் வாயை மூடிக்கொள்வார்கள் என்று மறுத்துவிட்டேன்.

கல்வி என்ற கணக்கில் இந்தக் குழு தோற்றுப்போகும். அட்டைக்கு என்ன வண்ணம் என்று மூன்று வாரம் பேசினார்கள். கடைசியில் அதிலேயே சண்டை வந்து இருவர் பேச்சை நிறுத்தினார்கள். நூலகர் இருந்திருந்தால் ஐந்து நிமிடத்தில் முடித்து வைத்திருப்பார். இங்கே சமாதானம் செய்ய ஆளில்லை. இரண்டு சனிக்கிழமைகள் திரை வெறுமையாக இருந்தது. மூன்றாவது வாரம் என் மகளே "மன்னித்துவிடு, ஆனால் பச்சை நன்றாக இல்லைதான்" என்று எழுதி அனுப்பினாள். நாற்பது பேர் வகுப்பில் இதைக் கற்றிருக்க முடியாது. நூலகரின் குழுவிலும் முடியாது.

ஆனாலும் பதின்மூன்று வயதில் நேரே நான்காவதுக்குப் போகச் சொல்ல மாட்டேன். வழிகாட்டி உள்ள சிறு குழுவில் ஓராண்டு ஒருவரையொருவர் கேட்கப் பழகாவிட்டால், அந்தச் சண்டையோடு பத்திரிகை நின்றிருக்கும். குழுவைத் தேடுகிறவர்கள் கட்டணம் செலுத்தும் முன் ஒன்றை மட்டும் கேளுங்கள்: வகுப்பு முடிந்ததும் அறையை உடனே மூடிவிடுவீர்களா?

கடந்த டிசம்பரில் இங்கிருக்கும் மூவரும் திருச்சியில் முதன்முறையாக நேரில் சந்தித்தார்கள். அரை மணி நேரம் யாரும் பேசவில்லை. பெற்றோர்களாகிய நாங்கள்தான் வெயிலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். பிறகு ஒருத்தி பையிலிருந்து முதல் இதழின் அச்சுப்படியை எடுத்து, அந்தப் பச்சை அட்டையைத் தட்டிக் காட்டினாள். மாலை ரயிலுக்கு அவர்களைப் பிரித்துக் கிளப்புவதற்குள் எங்களுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.