நிட்மிலுக்கில் ஒரே நாள்: படகா, கனூவா?

ஆஸ்திரேலியாவின் வடக்கில் இருக்கும் டார்வின் நகரிலிருந்து தெற்கே 300 கிலோமீட்டருக்கு மேல் வண்டி ஓட்டி, கேத்ரின் ஊருக்கு வந்து, அங்கிருந்து இன்னும் 30 கிலோமீட்டர் போனால் நிட்மிலுக் தேசியப் பூங்கா. அவ்வளவு தூரம் போயும் கையில் ஒரே நாள்தான் என்றால் எதில் ஏறுவது? கனூ என்ற சின்னத் துடுப்புப் படகை எடுத்து நாமே துடுப்பு போடுவதில்தான் பலருக்கும் ஆசை இருக்கும். நான் வழிகாட்டியோடு போகும் இஞ்சின் படகு என்றுதான் சொல்வேன்.

கேத்ரின் ஆறு மணற்பாறையை அறுத்து உண்டாக்கிய 13 மலையிடுக்குகள் இங்கே வரிசையாக இருக்கின்றன. இரண்டு மணி நேரப் படகுச் சவாரியில் முதல் இரண்டைத்தான் பார்க்கலாம், அதுவும் கூட்டத்தோடு. ஆனால் இது இந்தப் பகுதியின் பூர்வகுடிகளான ஜாவொய்ன் மக்களின் மண். 1989-ல் நிலம் அவர்கள் கைக்குத் திரும்பியது, அதைப் பூங்காவுக்கே குத்தகைக்கு விட்டு, அரசோடு சேர்ந்து இன்றும் நிர்வகிக்கிறார்கள். நிட்மிலுக் என்ற பெயரே சிள்வண்டின் கதையிலிருந்து வந்தது. இரண்டாவது இடுக்கின் ஆழமான நீரில் அவர்களின் தொன்மக் கதைகளில் வரும் போலுங் என்ற வானவில் பாம்பு குடியிருக்கிறது, அதனால் அங்கே மீன் பிடிப்பதில்லை, அந்தத் தண்ணீரைக் குடிப்பதும் இல்லை என்பது அவர்களின் வழக்கம். படகில் வழிகாட்டி இதையெல்லாம் சொல்லக் கேட்டு, முதல் இடுக்கு முடிந்ததும் இறங்கிப் பாறைமேல் நடந்து, பழைய ஓவியங்களைப் பார்த்துவிட்டு அடுத்த படகில் ஏறும்போது நாம் யாருடைய வீட்டுக்குள் வந்திருக்கிறோம் என்பது புரிகிறது. கதை தெரியாமல் கனூவில் போனால் அதே நீர் வெறும் அழகான நீர்தான்.

சரி, கனூவின் பக்கமும் நியாயம் இருக்கிறது. இஞ்சின் சத்தம் இல்லை, நினைத்த இடத்தில் நிற்கலாம், இன்னும் உள்ளே போகலாம். ஆனால் இடுக்குக்கும் இடுக்குக்கும் நடுவே பாறை குறுக்கிடும் இடங்களில் கனூவைத் தூக்கியோ இழுத்தோ கடக்க வேண்டும், வெயிலில் அது உண்மையான உழைப்பு, சின்னக் குழந்தைகளோடு வேண்டாம். நன்னீர் முதலைகள் இங்கே வாழ்கின்றன, சீண்டாவிட்டால் பொதுவாக ஒதுங்கிவிடும். அவை முட்டையிடும் மணல் திட்டுகளில் இறங்காதே என்று பலகை இருந்தால் இறங்கக் கூடாது.

ஐந்து நாள் நடையான 62 கிலோமீட்டர் ஜட்புலா பாதை இந்தக் கணக்கிலேயே வராது, அதற்குத் தனியாக வர வேண்டும்.

இரண்டு நாள் கிடைத்தால் முதல் நாள் படகு, மறுநாள் விடியலில் கனூ. அங்கே மழை இல்லாத மே முதல் செப்டம்பர் வரை போங்கள். மழைக்காலத்தில் ஆறு ஏறும்போது உவர்நீர் முதலைகளும் உள்ளே வந்துவிடும். அவை இல்லை என்று பூங்கா ஊழியர்கள் பார்த்து உறுதி செய்த பிறகுதான் கனூக்கள் தண்ணீரில் இறங்கும்.