ஏஆர்-15இல் .22 சுட: கிட்டா, தனி அப்பரா, தனி ரைஃபிளா?

ஏஆர்-15 ரைஃபிள் வழக்கமாகச் சுடுவது 5.56 தோட்டா. அதில் சின்ன .22 தோட்டாவைச் சுட மூன்று வழி: போல்ட்டை மட்டும் மாற்றும் கன்வர்ஷன் கிட், .22க்கென்றே செய்த மேல்பாதி (அப்பர்), இல்லையென்றால் தனி ரைஃபிள். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கிட்டை வாங்கியவனும் நான்தான், எட்டு மாதத்தில் அதைத் துடைத்து எண்ணெய் போட்டு டப்பாவில் மூடி வைத்தவனும் நான்தான். சாமான் மோசம் என்பதால் இல்லை, கொடுத்த காசுக்கு அது ஒழுங்காகத்தான் வேலை செய்தது. நான்தான் "எதில் குறைந்த செலவில் .22 சுடலாம்?" என்று மட்டும் யோசித்துக்கொண்டு வாங்கப் போனேன். சுட்டு முடித்து மறுபடி 5.56க்குத் திரும்பும்போது எதையெல்லாம் சரிசெய்ய வேண்டியிருக்கும் என்று அப்போது யாரும் கேட்கவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

ஏஆர் வைத்திருப்பவருக்கு .22 மேல் ஆசை ஏன் வருகிறது என்று விளக்கத் தேவையில்லை. தோட்டா விலை ஒரு காரணம், உதையும் சத்தமும் இன்னொன்று. .22இன் 40 கிரெய்ன் (குண்டின் எடை அளவு) குண்டு வினாடிக்கு 1,235 அடி வேகத்தில் போனால் அதன் சக்தி 135 அடி-பவுண்டு, 5.56க்குக் கிட்டத்தட்ட இரட்டையான 55 கிரெய்ன் .223 தோட்டாவில் அது 1,250ஐத் தாண்டும். மிகக் குறைந்த உதையோடு அதே ஸ்டாக், அதே ட்ரிகர், அதே சேஃப்டியைப் பழகலாம் என்பதுதான் கவர்ச்சி. அதோடு ஏஆர் இரண்டே பின்னில் மேலும் கீழுமாகப் பிரிந்துவிடும்: பேரலும் போல்ட்டும் உள்ள மேல்பாதி அப்பர், ட்ரிகரும் மேகஸினும் உள்ள கீழ்ப்பாதி லோயர். அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத்தின் கண்ணில் துப்பாக்கி என்பது சீரியல் எண் உள்ள லோயர்தான், அப்பர் வெறும் உதிரிபாகம். ஆகவே கிட்டோ அப்பரோ நேராக வீட்டு வாசலுக்கே வரும். தனி ரைஃபிள் வாங்கினால் உரிமம் உள்ள டீலரிடம் போய் பின்னணிச் சோதனைக்கான 4473 படிவம் நிரப்ப வேண்டும். மாநில விதிகள் மாறும், உங்கள் மாநிலத்தில் என்ன என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, கிட்டிலிருந்து ஆரம்பிப்போம். பின்பக்க டேக்டவுன் பின்னைத் தள்ளி, துப்பாக்கியைப் பாதி திறந்து, சார்ஜிங் ஹேண்டிலை இழுத்தால் 5.56 போல்ட் கேரியர் (தோட்டாவைப் பேரலுக்குள் தள்ளி மூடும் பாகம்) கைக்கு வந்துவிடும். அந்த இடத்தில் கிட்டைச் சொருகுகிறீர்கள். அதன் முனையில் 5.56 தோட்டாக் கூட்டின் வடிவத்திலேயே ஒரு இரும்புத் துண்டு இருக்கும், அது போய்ச் சேம்பரில் (பேரலின் பின்முனையில் தோட்டா உட்காரும் இடம்) உட்கார்ந்துகொள்ளும், அதன் பின்புறம்தான் .22க்கான சேம்பர். மூடினால் முடிந்தது, ஒரு நிமிட வேலை. ஒன்றும் புது யோசனை இல்லை, அமெரிக்க ராணுவமே ஏஆரின் ராணுவ வடிவமான எம்16இல் செலவில்லாமல் பயிற்சி கொடுக்க எம்261 என்ற கிட்டை வைத்திருந்தது. வழக்கமான மேகஸினுக்குள் 10 தோட்டா கொள்ளும் ஒரு செருகலைப் போட்டுச் சுடுவார்கள். இன்று அதிகம் கண்ணில் படுவது சிஎம்எம்ஜி கிட், நான் வாங்கியதும் அந்த வகையில் ஒன்றுதான்.

கிட்டைப் பற்றிப் பேச்செடுத்தாலே எல்லாரும் முதலில் பிடித்துக்கொள்வது பேரலின் ட்விஸ்ட்டை, அதாவது உள்ளே இருக்கும் புரி எத்தனை அங்குலத்தில் ஒரு சுற்று சுற்றுகிறது என்பதை. .22 பேரல்களில் 16 அங்குலத்துக்கு ஒரு சுற்றுதான் வழக்கம். இன்றைய ஏஆர் பேரல்களில் அது 7, 8 அல்லது 9 அங்குலத்துக்கு ஒரு சுற்று. கணக்குப் போட்டால், அதே 1,235 அடி வேகத்தில் 1:16 பேரலில் குண்டு வினாடிக்குச் சுமார் 926 முறை சுழலும், 1:7இல் 2,100 முறைக்கு மேல். மென்மையான ஈயக் குண்டை இப்படிப் பம்பரமாக விட்டால் அதில் இருக்கும் சின்னக் கோணல்கூடப் பெரிதாகத் தெரியும். எம்261 காலத்து எம்16ஏ1இல் ட்விஸ்ட் 1:12 என்பதால் அப்போது இந்தப் புலம்பல் குறைவாக இருந்திருக்க வேண்டும். ஆனால் ட்விஸ்ட்டை மட்டும் திட்டுவது நியாயமில்லை. 5.56 கூட்டின் நீளம் 1.76 அங்குலம், .22 எல்ஆர் (இங்கே .22 என்று சொல்வது இதைத்தான்) கூட்டின் நீளம் 0.61 தான். கூட்டை விட்டுக் கிளம்பிய குண்டு, பேரலின் புரிகளைப் பிடிக்கும் முன் அந்த இரும்புத் துண்டின் மிச்ச நீளத்தைக் கடந்தாக வேண்டும், அங்கே நேராக வருமா கொஞ்சம் சாய்ந்து வருமா என்பது அதன் பாடு. என் 1:7 பேரலில் 50 கஜத்தில் இரண்டரை மூன்று அங்குலத்துக்குள் விழுந்தது. டப்பாவைத் தட்டி விழவைக்க அது தாராளம், காகித இலக்கில் பத்தாம் வளையத்தை நம்பிப் போனால் மனசு கஷ்டப்படும்.

இதெல்லாம் பொறுத்துக்கொள்ளக்கூடியதுதான். பொறுக்க முடியாதது ஜீரோ, அதாவது குறிபார்த்த இடத்திலேயே குண்டு விழும்படி குறியைச் சரிசெய்வது. 50 கஜத்தில் ஜீரோ செய்த .22 குண்டு 100 கஜத்துக்குப் போவதற்குள் ஆறு அங்குலத்துக்குப் பக்கம் இறங்கிவிடும். அதே 50இல் ஜீரோ செய்த 5.56 நூறில் இன்னும் கொஞ்சம் மேலேதான் நிற்கும். சரி, 50 கஜத்திலாவது இரண்டும் ஒரே இடத்தில் விழுமா என்றால் அதுவும் இல்லை, எனக்கு .22 குண்டுகள் நாலு அங்குலம் கீழே, ஒரு அங்குலம் இடதுபக்கம். கிட்டைப் போட்டதும் சிவப்புப் புள்ளி காட்டும் குறிக்கருவியான ரெட் டாட்டைத் திருகு, கழற்றியதும் திரும்பத் திருகு, எத்தனை க்ளிக் என்று பேப்பரில் எழுதி ஸ்டாக்குக்குள் வை. ஒருநாள் திரும்பத் திருக மறந்துபோய், 5.56 தோட்டா பதினைந்தைக் காற்றில் விட்டுவிட்டு, ரெட் டாட் கெட்டுப்போச்சோ என்று மவுன்ட்டின் திருகாணிகளை எல்லாம் முறுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்து லேனில் இருந்த பெரியவர் பார்த்துச் சிரித்தார், காரணம் கேட்கவில்லை. .22 சுட்டு மிச்சம் பிடித்த காசு அந்த மதியமே போயிற்று.

தனி அப்பரில் இந்தத் தொல்லை அடியோடு இல்லை, அதற்கென்று ஒரு ரெட் டாட்டை மாட்டி ஜீரோ செய்துவிட்டால் அந்த ஜீரோ அந்த அப்பரோடேயே இருக்கும். இரண்டு பின்னைத் தள்ளி அப்பரைத் தூக்கி வைத்து இன்னொன்றை உட்காரவைக்க ஒரு நிமிடம்கூட ஆகாது. பேரல் .22க்கென்றே 1:16இல் செய்தது, சேம்பரும் அதிலேயே வெட்டியிருக்கும், நடுவில் குண்டு தாவ வேண்டிய இடைவெளி கிடையாது. இப்போது நான் வைத்திருக்கும் அப்பரில் அதே தோட்டா 50 கஜத்தில் ஒரு அங்குலத்தை ஒட்டியே விழுகிறது, அதைவிட மோசமாக விழுந்தால் கோளாறு என் மூச்சில்தான்.

இன்னொரு லாபம் கேஸ் வழி. 5.56இல் பேரலின் ஒரு துளை வழியாக எடுக்கும் வாயுதான் போல்ட்டைப் பின்னுக்குத் தள்ளும். .22 வெறும் ப்ளோபேக்கில் ஓடுவது, போல்ட்டின் எடையும் ஸ்பிரிங்கும் மட்டும்தான் அதைப் பிடித்து நிறுத்துகின்றன, தனி அப்பரில் அந்தத் துளையே (கேஸ் போர்ட்) கிடையாது. கிட்டைப் போட்டு 5.56 பேரலில் சுடும்போதோ அந்தச் சின்னத் துளையின் விளிம்பு போகிற ஒவ்வொரு குண்டிலிருந்தும் ஈயத்தைச் சுரண்டிக்கொள்ளும், கரியும் கேஸ் ட்யூபுக்குள் போகும். கடைசியில் பத்து 5.56 சுட்டால் எல்லாம் வெளியே போய்விடும் என்று ரேஞ்சில் சொல்வார்கள், ஓரளவுக்கு உண்மை, ஆனால் அதற்கு முன் பேரலுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்க்காமல் செய்யாதீர்கள், வலுவில்லாத ஒரு .22 தோட்டா குண்டைப் பாதி வழியில் விட்டிருந்தால் பின்னால் வரும் 5.56 பேரலையே வெடிக்கவைக்கும். சத்தத்தைக் குறைக்கும் சப்ரஸர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: உள்பாகங்களைப் பிரிக்க முடியாத 5.56 சப்ரஸரில் .22 சுட வேண்டாம். உள்ளே ஈயம் படிந்துகொண்டே போகும், சுத்தம் செய்ய வழி இல்லை.

ட்விஸ்ட்டுக்காக இவ்வளவு சண்டை போடுகிறவர்கள் மேகஸினைப் பற்றி வாய் திறப்பதில்லை, எனக்கு அதுதான் ஆச்சரியம். விளிம்பில் அடிபட்டு வெடிக்கும் .22 ரிம்ஃபயர் ஓடுவதும் நிற்பதும் பெரும்பாலும் மேகஸினால்தான். .22 கூட்டின் அடியில் வெளியே துருத்திய விளிம்பு இருக்கிறது. மேலே இருக்கும் தோட்டாவின் விளிம்பு கீழே இருப்பதன் விளிம்புக்கு முன்னால் உட்கார வேண்டும். பின்னால் போய்விட்டால் போல்ட் தள்ளும்போது கீழே இருப்பதும் சேர்ந்து இழுபடும், அப்புறம் எல்லாம் இறுகி நிற்கும். மேகஸினுக்குள் தோட்டாக்களை மேலே தள்ளும் ஃபாலோயரை விரலால் அடிமட்டம்வரை இழுத்துப் பிடித்துக்கொண்டு தோட்டாக்களை மொத்தமாகக் கொட்டுகிறவர்களுக்கு இது அடிக்கடி வரும். ஒவ்வொன்றாக, முனை கொஞ்சம் மேல்நோக்க, ஃபாலோயரை ஒரு தோட்டா அளவுக்கு மட்டும் இறக்கி நிரப்புங்கள், பாதி ஜாம் அங்கேயே தீர்ந்துவிடும்.

இன்னொன்று, இந்த மேகஸின்கள் ஏஆர் மேகஸினின் உருவத்தில் வார்த்த பிளாஸ்டிக். சில லோயர்களில் சிக்கென்று உட்காரும், சிலவற்றில் லொடலொடவென்று ஆடும். ஆடுகிற மேகஸினை முன்னால் பிடிக்கும் கையால் பிடித்து அழுத்திச் சுட்டால் தோட்டா ஏறும் கோணம் மாறும், மூன்றாவது தோட்டா சேம்பர் விளிம்பில் முட்டி மூக்கு நசுங்கி நிற்கும். என் முதல் மாதம் முழுக்க இப்படியேதான் போனது, கிட்டைக் குறை சொல்லிக்கொண்டே இருந்தேன், கடைசியில் குற்றவாளி என் இடது கை. அப்பர் வாங்கும்போது அது எந்த மேகஸினைக் கேட்கிறது என்று முதலில் பாருங்கள். சிஎம்எம்ஜி வகை போல்ட் உள்ளவை அந்த வகை மேகஸினில் ஓடும், பிளாக் டாக் மெஷின் செய்ததும் அதில் சேரும். டிப்மன் ஆர்ம்ஸின் எம்4-22 தன் சொந்த மேகஸினைத்தான் ஏற்கும். ஒன்றுக்கு வாங்கிய ஆறு மேகஸின் இன்னொன்றில் உதவாது, அந்தச் செலவையும் கூட்டிப் பார்த்துத்தான் எது மலிவு என்று முடிவுகட்ட வேண்டும்.

கடைசித் தோட்டா போனதும் போல்ட் திறந்தே நிற்குமா என்பதும் இதோடு சேர்ந்த கேள்விதான். பல கிட்களில் ஃபாலோயரே போல்ட்டைத் தடுத்து நிறுத்தும், மேகஸினை உருவியதும் போல்ட் படக்கென்று மூடிக்கொள்ளும். மேகஸின் மாற்றிப் பழகத்தான் .22 வாங்குகிறீர்கள் என்றால் இது தப்பான பழக்கத்தைக் கையில் ஏற்றிவிடும், போல்ட்டைத் திறந்தபடி பிடித்து நிறுத்தும் போல்ட் கேட்ச் ஒழுங்காக வேலை செய்யும் அப்பரைத் தேடுங்கள். போல்ட்டைக் கையால் முன்னே தள்ளும் ஃபார்வர்ட் அசிஸ்ட் பொத்தான் வேலை செய்யாது என்பதை நான் ஒரு குறையாகவே எண்ணவில்லை.

தோட்டாவில் கஞ்சத்தனம் வேண்டாம். கிட்டோ அப்பரோ, செம்பு முலாம் பூசிய, உருண்டை முனையுள்ள, வேகமான 40 கிரெய்ன் தோட்டாவில் ஆரம்பியுங்கள், சிசிஐ மினி-மேக் மாதிரி. அதில் ஓடினால் அப்புறம் மலிவானதை ஒவ்வொன்றாகச் சோதிக்கலாம். 1,070 அடி வேகமுள்ள ஸ்டாண்டர்ட் வெலாசிட்டி தோட்டா சிலவற்றில் போல்ட்டை முழுசாகப் பின்னுக்குத் தள்ளாது. சுட்டது வெடிக்கவில்லை என்றால் முனையை இலக்கின் பக்கமே வைத்து அரை நிமிடம் காத்திருங்கள், ரிம்ஃபயரில் தூங்கி விழிக்கும் தோட்டா உண்டு. லேசான சுத்தியல் ஸ்பிரிங் போட்ட போட்டி ட்ரிகர் உங்கள் லோயரில் இருந்தால் விளிம்பை நசுக்க அடி போதாமல் போகலாம், அப்போது தோட்டாவைத் திட்டாதீர்கள்.

தனி ரைஃபிளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில் குழப்பமே இல்லை. 2009இல் வந்த ஸ்மித் அண்ட் வெஸன் எம்அண்ட்பி 15-22 தான் இங்கே எல்லாரும் ஒப்பிடும் அளவுகோல். மேலும் கீழும் பாலிமர், கனம் குறைவு, மேகஸினும் போல்ட்டும் ஒன்றுக்கொன்றாகவே செய்தவை, அதனால் இந்த மூன்றில் குறைவாகத் தொல்லை தருவது இதுதான். ஆனால் அதன் அப்பரைக் கழற்றி உங்கள் லோயரில் மாட்டலாம் என்று நினைத்து வாங்காதீர்கள், பொருந்தாது. உங்கள் ட்ரிகரைப் பழக வேண்டும் என்பதுதான் நோக்கம் என்றால் வாங்கியபடியே இதில் அது கிடைக்காது. வீட்டில் பிள்ளைக்கோ மனைவிக்கோ சுடக் கற்றுக்கொடுக்கிறீர்கள், இரண்டு பேர் ஒரே நேரத்தில் சுட வேண்டும் என்றால் கண்ணை மூடிக்கொண்டு இதை வாங்குங்கள், ஒரு லோயரை வைத்துக்கொண்டு இரண்டு பேர் சுட முடியாது.

மற்றபடி என் ஓட்டு தனி அப்பருக்கு. மாதம் ஒருமுறையாவது .22 சுடுகிறவர் கிட்டில் மிச்சம் பிடிப்பதை நேரத்திலும் ஜீரோவிலும் திருப்பிக் கொடுத்துவிடுவார். வருஷத்துக்கு இரண்டு தடவை மட்டும் ஆசைக்குச் சுடுகிறவர், .22 தனக்குப் பிடிக்குமா என்றே தெரியாதவர் கிட்டில் ஆரம்பிக்கலாம். சில நிறுவனங்களின் கிட் போல்ட்டை, அவர்களே விற்கும் .22 பேரலோடு சேர்த்துப் பின்னால் அப்பராக மாற்றிக்கொள்ளவும் முடியும், வாங்கும் முன் அதைக் கேட்டு வையுங்கள். நான் கேட்காமல் வாங்கியதால்தான் என்னுடையது டப்பாவில் கிடக்கிறது. அதோடு வந்த மூன்று மேகஸின் மட்டும் இப்போதைய அப்பரில் ஓடுகிறது, மூன்றில் ஒன்று இன்னும் லொடலொடக்கும், அதற்கு ஒரு துண்டு டேப் ஒட்டியிருக்கிறேன்.