தீவனச் சோளம்: இளம்பயிரா, பூத்த பயிரா?

மானூர், சங்கரன்கோவில் பக்கத்து மானாவாரிக் கரிசலில் ஐப்பசி மழையை நம்பி விதைத்த தீவனச் சோளத்தை முழங்கால் உயரத்தில் அறுப்பதா, பூக்கும்வரை பொறுப்பதா என்பதை மாட்டின் பசியை மட்டும் பார்த்து முடிவு செய்யக் கூடாது.

இளம்பயிரில் புரதம் மிகுதி. ஆனால் துர்ரின் என்னும் வேதிப்பொருளும் அப்போதுதான் செறிந்திருக்கிறது. மாடு இலையை மென்றதும் அது சிதைந்து ஹைட்ரஜன் சயனைடாகிறது; இரத்தத்தில் அது கலந்தால் உடலின் செல்கள் ஆக்சிஜனைப் பயன்படுத்த இயலாமல் போவதால், மாடு மூச்சிரைத்து, நடுங்கி, சில நிமிடங்களிலேயே விழுந்துவிடக்கூடும். வறட்சியில் வாடி, பின்பு மழை கண்டு துளிர்க்கும் மறுதாம்பு, அதாவது அறுத்த கட்டையிலிருந்து மீண்டும் வளரும் பயிர், இன்னும் கொடியது. ஆட்டையும் மாட்டையும் அதில் மேயவிடவே கூடாது.

பாதிப் பயிர் பூத்தபின் இலையைவிடத் தண்டின் பங்கு கூடி, நஞ்சின் செறிவு பெரிதும் குறைகிறது. பல முறை அறுக்கும் கோ எஃப்எஸ் 29 ரகத்துக்கு, முதல் அறுவடை 65 முதல் 70 நாளில் என்பதே பரிந்துரை. நார் சற்றுக் கூடும். உயிரிழப்போடு ஒப்பிட்டால் அது பொருட்டே அல்ல. ஆகவே பூத்த பயிரையே நான் உறுதியாகப் பரிந்துரைக்கிறேன்.

இளம்பயிரை அறுத்தே தீர வேண்டுமெனில், பச்சையாகப் போடாமல் வெயிலில் நன்கு உலர்த்திய பிறகே கொடுக்க வேண்டும். அறிகுறி தென்பட்டால் கைவைத்தியத்தில் நேரம் போக்காமல் கால்நடை மருத்துவரை அழையுங்கள். சோடியம் நைட்ரைட்டும் சோடியம் தயோசல்பேட்டும் உரிய நேரத்தில் ஊசியாகச் செலுத்தப்பட்டால் மாடு பிழைக்க வாய்ப்புண்டு.