கடலுக்குள் நின்ற ஊர்கள்: எந்த வரைபடத் தரவை எந்த வேலைக்கு எடுப்பது?

கரையோர ஊர்களின் புள்ளிகளை ஒரு உலக வரைபடத்தின் மேல் போட்டுப் பார்த்தேன். ஒரு டஜன் ஊர்கள் கடலுக்குள் நின்றுகொண்டிருந்தன. புள்ளிகளை ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்ற இலவச இணைய வரைபடத்திலிருந்து எடுத்திருந்தேன், கரைக்கோட்டை நேச்சுரல் எர்த் என்ற இலவசத் தரவுத் தொகுப்பிலிருந்து. ப்ராஜெக்‌ஷனில்தான் (உருண்டையான பூமியைத் தட்டையான படமாக மாற்றும் முறை) கோளாறு என்று நினைத்து ஒரு மாலைப் பொழுதைத் தொலைத்தேன். கோளாறு அதிலும் இல்லை, தரவுகளிலும் இல்லை. தெருமுனை வரை பார்த்து வரைந்த ஒன்றையும், உலகம் முழுவதையும் ஒரே தாளில் அடக்குவதற்காக வரைந்த இன்னொன்றையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்தது நான்தான்.

ஜிஐஎஸ் (கணினியில் வரைபடத் தரவைக் கையாளும் முறை) பழகத் தொடங்குகிறவர்கள் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "நல்ல டேட்டா எங்கே கிடைக்கும்?" கிடைப்பதற்கு இன்று பஞ்சமே இல்லை. ஒரே பொருளுக்கு மூன்று நான்கு இலவசத் தரவுகள் போட்டி போடுகின்றன. அவற்றில் எதை எடுப்பது என்று முடிவு செய்ய, அதை வரைந்தவர்கள் என்ன வேலைக்காக வரைந்தார்கள் என்று பார்ப்பது என் வழக்கம். துல்லியம், உரிமம், புதுப்பிக்கும் வேகம் எல்லாம் பெரும்பாலும் அதிலிருந்தே வருகின்றன.

நேச்சுரல் எர்த்தையே எடுத்துக்கொள்ளுங்கள். வரைபடக் கலைஞர்கள் அச்சுக்கும் திரைக்கும் அழகான சிறிய படங்கள் போடுவதற்காகத் தொகுத்தது. 1:1 கோடி, 1:5 கோடி, 1:11 கோடி என்று மூன்று அளவுகளில் தருகிறார்கள். இருப்பதிலேயே நுணுக்கமான 1:1 கோடியில்கூட, படத்தில் 1 மில்லிமீட்டர் என்றால் தரையில் 10 கிலோமீட்டர். கோப்பின் பெயரில் ‘10எம்’ என்று இருப்பதைப் பார்த்து "பத்து மீட்டர் துல்லியம்" என்று நம்பியவர்களை எனக்குத் தெரியும். அந்த ‘எம்’ மீட்டர் இல்லை, மில்லியன். என் ஊர்கள் கடலில் நின்றதில் என்ன ஆச்சரியம்?

ஆனால் ஒரு கட்டுரைக்கோ பாடத்துக்கோ உலகப் படம் வேண்டுமென்றால் இதை விட்டு வேறு எதையும் தேட மாட்டேன். பதிப்புரிமை இல்லாத பொதுச் சொத்து என்பதால் யாரிடமும் கேட்க வேண்டாம், பெயர் போடுவதுகூடக் கட்டாயமில்லை. ஒன்றே ஒன்றைக் கவனிக்க வேண்டும்: நாட்டு எல்லைகளை யார் உரிமை கோருகிறார்கள் என்று பார்த்து வரைவதில்லை, தரையில் யார் கட்டுப்பாட்டில் இருக்கிறது என்று பார்த்து வரைகிறார்கள். அதிகாரபூர்வ எல்லையைத்தான் காட்ட வேண்டும் என்று சட்டம் வைத்திருக்கும் நாடுகளில் இது வம்பில் மாட்டிவிடும். சில நாடுகளின் பார்வைப்படி வரைந்த தனிக் கோப்புகளையும் அவர்களே தருகிறார்கள்; வெளியிடுவதற்கு முன் அவற்றைப் பார்த்துவிடுங்கள்.

சரி, தெரு அளவுக்கு இறங்குவோம். இங்கே போட்டி ஓபன்ஸ்ட்ரீட்மேப்புக்கும் ஓவர்சர் என்ற இன்னொரு இலவசத் தரவுக்கும். 2004-இல் ஸ்டீவ் கோஸ்ட் தொடங்கிய ஓபன்ஸ்ட்ரீட்மேப்பை யார் வேண்டுமானாலும் திருத்தலாம். அதன் பலம், பலவீனம் இரண்டுமே அதுதான். ஆர்வலர்கள் இருக்கும் நகரத்தில் மரமும் பெஞ்சும்கூடக் குறிக்கப்பட்டிருக்கும். ஆளில்லாத பகுதியில் நெடுஞ்சாலையோடு முடிந்துவிடும். வரைபடத்தில் ஒன்று இல்லை என்றால் தரையிலும் இல்லை என்று எடுத்துக்கொள்ள முடியாது.

ஒரு பகுதியில் எத்தனை மருத்துவமனைகள் என்று எண்ண வேண்டும் என்று வையுங்கள். ஒருவர் மருத்துவமனையை ஒரு புள்ளியாகக் குறித்திருப்பார். இன்னொருவர் வளாகத்தின் சுற்றுக்கோட்டையே வரைந்து அதன் மேல் பெயரை எழுதியிருப்பார். மூன்றாமவர் இரண்டையும் செய்திருப்பார். நீங்கள் புள்ளி அடுக்கை மட்டும் எண்ணினால் பாதி விடுபடும். புள்ளியையும் பலகோணத்தையும் கூட்டினால் சில இரண்டு முறை வரும். போதாததற்கு, ஒரே மாதிரி இடத்துக்கு ஒருவர் ‘ஹாஸ்பிட்டல்’ என்று டேக் (வகைப் பெயர்) போடுவார், இன்னொருவர் ‘கிளினிக்’ என்று. பலகோணங்களின் மையத்தை எடுத்து, புள்ளிகளோடு சேர்த்து, நூறு மீட்டருக்குள் ஒரே பெயரில் வருபவற்றைக் கழித்து, மிச்சத்தைக் கண்ணால் பார்ப்பதுதான் நான் செய்வது. அலுப்பான வேலைதான், ஆனால் இதைச் செய்யாமல் வரும் எண்ணிக்கையை நான் நம்புவதில்லை.

ஓவர்சர் இந்த அலுப்பைக் குறைப்பதற்கென்றே வந்தது. 2022 டிசம்பரில் அமேசான், மெட்டா, மைக்ரோசாஃப்ட், டாம்டாம் ஆகியவை சேர்ந்து லினக்ஸ் ஃபவுண்டேஷனின் கீழ் தொடங்கியது. ஓபன்ஸ்ட்ரீட்மேப்பின் கட்டடங்களையும் செயற்கைக்கோள் படங்களிலிருந்து இயந்திரம் கண்டுபிடித்த கட்டடங்களையும் கலந்து, ஒரே ஒழுங்கான கட்டமைப்பில் தருகிறது. மனிதர்கள் வரையாத ஊரிலும் கட்டடம் இருக்கும். பதிலுக்கு, இயந்திரம் சில சமயம் பாறையையும் கொட்டகையையும் வீடு என்று சொல்லும். கடைகள், அலுவலகங்கள் போன்ற இடங்களின் அடுக்கில் ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு நம்பலாம் என்று ஒரு மதிப்பெண் இருக்கிறது. அதைப் பார்க்காமல் எல்லாவற்றையும் அள்ளிப் போட்டால் மூடிப்போன கடைகளும் சேர்ந்து வரும்.

மக்கள்தொகை மதிப்பீடு போல மொத்தக் கட்டடங்கள் தேவைப்படும் வேலைக்கு ஓவர்சர். நடைபாதை, படிக்கட்டு, கிணறு என்று மனிதக் கண்ணுக்கு மட்டும் தெரிபவை தேவைப்பட்டால் ஓபன்ஸ்ட்ரீட்மேப். எடுக்கும் வழியும் வேறு வேறு. ஓவர்சர் ஜியோபார்க்கே என்ற வகைக் கோப்புகளாகக் கிளவுடில் இருக்கிறது. டக்டிபி என்ற தரவுத்தள மென்பொருளில் ஒரு வினவல் எழுதினால் உங்கள் பகுதி மட்டும் இறங்கும். ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் ஒரு நகரத்தின் பள்ளிகள் மட்டும் போதுமென்றால் ஓவர்பாஸ் டர்போ என்ற இணையதளம் அல்லது கியூஜிஐஎஸ் என்ற இலவச வரைபட மென்பொருளின் குயிக்ஓஎஸ்எம் பிளகின். முழு நாடும் வேண்டுமென்றால் தினமும் புதுப்பிக்கப்படும் ஜியோஃபாப்ரிக் தளத்தின் கோப்பை இறக்குங்கள். நாட்டையே ஓவர்பாஸில் கேட்டுவிட்டு "சர்வர் மெதுவாக இருக்கிறது" என்று புலம்புவதில் நியாயமில்லை. அது பொதுக் கிணறு.

மாவட்டம், வட்டம் போன்ற நிர்வாக எல்லைகளில் பலரும் கண்ணை மூடிக்கொண்டு எடுப்பது ஜிஏடிஎம் என்ற எல்லைத் தரவு. ஆழமான அடுக்குகள், உலகம் முழுக்க ஒரே ஒழுங்கு. ஆனால் அதன் உரிமம் கல்விக்கும் வணிகமல்லாத வேலைக்கும் மட்டுமே. அனுமதி வாங்காமல் மறுபடி விநியோகிக்கக் கூடாது. வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் வேலையில் இதை வைத்தால் பின்னால் சிக்கல். ஜியோபவுண்டரீஸ் என்ற இன்னொரு எல்லைத் தரவு, பெயர் குறிப்பிட்டால் போதும் என்ற திறந்த உரிமத்தில் வருகிறது, அதனால் இப்போதெல்லாம் அங்கேதான் முதலில் போகிறேன். இரண்டிலுமே எல்லை எந்த ஆண்டுக்குரியது என்று பாருங்கள். மாவட்டம் பிரிந்த பிறகு வந்த புள்ளிவிவரத்தைப் பிரிவதற்கு முந்தைய எல்லையோடு இணைத்தால் வரைபடத்தில் ஓட்டை விழும்.

உரிமம் பற்றி இன்னொன்று. ஓபன்ஸ்ட்ரீட்மேப்பை வைத்துப் படம் போட்டால் அதன் பங்களிப்பாளர்களைக் குறிப்பிட்டால் போதும். அதோடு உங்கள் தரவைக் கலந்து புதிய தரவுத்தளமாக வெளியிட்டால், அதையும் அதே உரிமத்தில் திறந்துவிட வேண்டும். கூகுள் மேப்ஸ் திரையில் தெரிகிறதே என்று அதன் மேல் கோடு வரைந்து தரவு உருவாக்குவதை அதன் விதிமுறைகள் அனுமதிப்பதில்லை. அப்படி வரைந்ததை ஓபன்ஸ்ட்ரீட்மேப்பும் ஏற்காது.

தரையின் உயரத்தைச் சொல்லும் தரவில் எஸ்ஆர்டிஎம், கோப்பர்நிகஸ் இரண்டும் சுமார் 30 மீட்டர் பிக்சல் (படத்தின் ஒரு கட்டம் தரையில் அவ்வளவு அகலம்). எஸ்ஆர்டிஎம் 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்கலம் 11 நாள் ரேடாரால் அளந்தது. வடக்கே 60 பாகை, தெற்கே 56 பாகையோடு நின்றுவிடும். கோப்பர்நிகஸ் தரவு 2011 முதல் 2015 வரை எடுத்த அளவீடுகளிலிருந்து உருவானது, துருவங்கள் வரை போகும். புதிதாகத் தொடங்குகிறவர் கோப்பர்நிகஸையே எடுக்கலாம். ஆனால் இரண்டுமே வெறும் தரையைக் காட்டுவதில்லை, அடர்ந்த காட்டின் தலையும் கட்டடத்தின் கூரையும் அதில் கலந்திருக்கும். வெள்ளம் எங்கே போகும் என்று கணக்கிடும்போது ஆற்றோர மரவரிசை அணைக்கட்டாக மாறி நீரை மறித்துவிடும். இந்த இரு தரவுகளில் ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்து மாற்றம் பார்க்க நினைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: எஸ்ஆர்டிஎம்-இன் கடல்மட்ட அடிப்படை (உயரத்தை எங்கிருந்து அளப்பது என்ற மாதிரி) இஜிஎம்96, கோப்பர்நிகஸினுடையது இஜிஎம்2008. மாற்றாமல் கழித்தால் இல்லாத மேடு முளைக்கும்.

செயற்கைக்கோள் படத்தில் அதிகம் யோசிக்க ஒன்றுமில்லை: இன்றைய நிலை வேண்டுமென்றால் 10 மீட்டர் சென்டினல்-2, 1970-கள் வரை பின்னோக்கிப் போக வேண்டுமென்றால் லேண்ட்சாட்.

கடைசியாக, எந்தக் கோப்பு வகையில் வைத்துக்கொள்வது. ஷேப்ஃபைலா, ஜியோபேக்கேஜா என்று இரண்டையும் கொடுத்தால் யோசிக்காமல் ஜியோபேக்கேஜ். ஷேப்ஃபைலில் நெடுவரிசைப் பெயர் 10 எழுத்தோடு வெட்டப்படும். ‘பாப்புலேஷன்_மேல்’, ‘பாப்புலேஷன்_ஃபீமேல்’ என்று ஆங்கிலத்தில் இரண்டு நெடுவரிசைகள் இருந்தால், ‘பாப்புலேஷன்’ என்ற சொல்லுக்கே பத்து எழுத்தும் சரியாகப் போய்விடும். சேமித்துத் திறந்தால் ஒன்றின் வாலில் ஏதோ ஒரு எண் ஒட்டியிருக்கும், எது ஆண், எது பெண் என்று நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும். அப்புறம், எழுத்துக் குறியீட்டைச் சொல்லும் சிறு துணைக் கோப்பு தொலைந்துபோனால் தமிழில் எழுதிய ஊர்ப் பெயர்களும் குப்பை எழுத்துகளாக வந்து நிற்கும்.