ஆர்சனல் ரசிகரின் ஃபேன்டசி அணியில் ஹாலண்டுக்கு இடமுண்டா?

இங்கிலாந்தின் பிரீமியர் லீக் கால்பந்து ஆட்டக்காரர்களைக் கொண்டு நாமே ஒரு கற்பனை அணி அமைத்து, நிஜ ஆட்டங்களில் அவர்கள் ஆடுவதற்கேற்பப் புள்ளிகள் பெறும் விளையாட்டு ஃபேன்டசி பிரீமியர் லீக். அதில் 10 கோடி பவுண்டு கற்பனைப் பணத்துக்குள் 15 ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒரே கிளப்பிலிருந்து மூவருக்கு மேல் எடுக்க முடியாது. ஆகவே எவ்வளவு தீவிரமான ஆர்சனல் ரசிகராக இருந்தாலும், மீதிப் பன்னிரண்டு பேரை மற்ற கிளப்புகளிலிருந்துதான் எடுத்தாக வேண்டும். அப்போது போட்டி அணியான மான்செஸ்டர் சிட்டியின் முன்கள ஆட்டக்காரர் ஹாலண்டை என்ன செய்வது என்பதில் மூன்று வழிகள் உண்டு.

முதலாவது, லீக் பட்டத்துக்கு ஆர்சனலுடன் மோதும் அணிகளின் ஆட்டக்காரர் எவரையும் தொடாமலிருப்பது. மனத்துக்கு நிம்மதிதான். ஆனால் 2022-23 பருவத்தில் ஹாலண்ட் 36 கோல்கள் அடித்து லீக் சாதனை படைத்தபோது, அவரை ஒதுக்கியவர்கள் அந்தப் புள்ளிகள் அத்தனையையும் இழந்தார்கள்.

இரண்டாவது, புள்ளிகளை மட்டுமே பார்ப்பது. 2023 ஏப்ரல் 26 அன்று, பட்டியலில் முதலிடத்தில் இருந்த ஆர்சனல், சிட்டியின் எட்டிஹாட் மைதானத்தில் 4-1 என்று தோற்றது. சக ஆட்டக்காரர் டி புருய்னாவின் இரண்டு கோல்களுக்கும் பந்தைக் கொடுத்த ஹாலண்ட், கடைசி நேரத்தில் தானும் ஒன்று அடித்தார். கோலுக்கு 4, உதவிக்கு மும்மூன்று என அவற்றுக்கு மட்டுமே 10 புள்ளிகள். கேப்டனுக்குப் புள்ளிகள் இரட்டிப்பாகும் என்பதால், அவரைக் கேப்டனாக வைத்திருந்தால் 20. பட்டக் கனவு கலைந்துகொண்டிருக்கும்போது அந்த இருபதை எண்ணி மகிழ்வதை என்னால் ஏற்க முடியாது.

மூன்றாவது, அவரை வைத்துக்கொண்டு, ஆர்சனலுடன் மோதும் வாரத்தில் மட்டும் ஆடும் பதினொருவரில் சேர்க்காமல் பெஞ்சில் உட்காரவைப்பது. விற்றுவிட்டு மீண்டும் வாங்குவதைவிட இது எவ்வளவோ மேல். ஏனெனில் இலவச மாற்றங்கள் தீர்ந்தபின் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 4 புள்ளிகள் கழிகின்றன, விலை ஏறிய ஆட்டக்காரரை விற்றால் லாபத்தில் பாதிதான் கைக்கு வருகிறது.

இந்த மூன்றாவது வழியே, ஒரு சிறு மாற்றத்துடன், எனக்கு உகந்தது. ஆனால் யாரை உட்காரவைப்பது என்பதை ஆடும் இடத்தைப் பார்த்து முடிவுசெய்ய வேண்டும். எதிரணியின் கோல்கீப்பரோ தடுப்பாட்டக்காரரோ கோல் வாங்காததற்கான 4 புள்ளிகளைப் பெற வேண்டுமென்றால், நம் அணி ஒரு கோல்கூட அடிக்கக் கூடாது. அப்படியொரு ஆசைக்கு ரசிகரின் மனத்தில் இடமே இருக்கக் கூடாது. முன்கள ஆட்டக்காரரின் நிலை வேறு. 2025 பிப்ரவரி 2 அன்று ஆர்சனலின் எமிரேட்ஸ் மைதானத்தில் ஹாலண்ட் தலையால் முட்டிச் சமன் செய்தார். ஆட்டம் முடிந்தபோது ஆர்சனல் 5-1 என்று வென்றிருந்தது. அவரை ஆடவிட்ட ஆர்சனல் ரசிகருக்குப் புள்ளிகளும் கிடைத்தன, வெற்றியும் கிடைத்தது.

ஆகவே அந்த வாரத்தில் ஹாலண்ட் ஆடலாம், கேப்டனாக வேண்டாம். சிட்டியின் தடுப்பாட்டக்காரர்கள் பெஞ்சில் இருக்கட்டும். ஆர்சனலுக்கான மூன்று இடங்களில் இரண்டையாவது தடுப்பு வரிசைக்கே கொடுப்பேன். 2023-24 பருவத்தில் லீக்கிலேயே மிகக் குறைவாக, 29 கோல்களை மட்டுமே வாங்கிய அணி அது. அங்கே பாசமும் புள்ளிகளும் ஒரே பக்கம் நிற்கின்றன.