கூகுள் ஸ்காலரா, ஸ்கோபஸா, ஐசைட்டா: ஆய்வாளரின் மேற்கோள் கணக்கை எங்கே பார்ப்பது?

ஒரே உயிர்மருத்துவ ஆய்வாளரைக் கூகுள் ஸ்காலர், ஸ்கோபஸ், வெப் ஆஃப் சயின்ஸ் என்ற மூன்று ஆய்வுக்கட்டுரைத் தளங்களிலும் தேடினால் பெரும்பாலும் மூன்று வெவ்வேறு எச்-குறியீடுகள் வரும். எச்-குறியீடு 5 என்றால், தலா ஐந்து மேற்கோளாவது பெற்ற ஐந்து கட்டுரைகள் அவருக்கு உண்டு என்று பொருள். மூன்றும் வெவ்வேறு கட்டுரைக் குவியலை எண்ணுவதே காரணம். ஸ்காலர் எண்ணை ஒருவருக்கும் ஸ்கோபஸ் எண்ணை இன்னொருவருக்கும் எடுத்து ஒப்பிடுவது அநியாயம். தேர்வுக் குழுக்களில் இது சர்வசாதாரணமாக நடக்கிறது.

கூகுள் ஸ்காலரின் வலை மிகப் பெரியது. ஆய்வேடு, முன்னச்சு (இதழில் வரும் முன்பே இணையத்தில் வெளியிடும் கட்டுரை), மாநாட்டுத் தாள், புத்தகம் எல்லாம் உள்ளே வரும். அதுவே அதன் பலவீனமும்கூட. சுய மேற்கோளைக் கழிக்க அதில் வழியில்லை. ஆய்வாளர் தன் ஸ்காலர் சுயவிவரப் பக்கத்தில் கட்டுரைகள் தானாகச் சேரும்படி விட்டுவிட்டால், அதே பெயருள்ள வேறொருவரின் கட்டுரைகளும் வந்து ஒட்டிக்கொள்ளும். ஸ்பெயினின் கிரனாடா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் போலித் தாள்களைப் பல்கலைக்கழக இணையதளத்தில் ஏற்றி மேற்கோள் எண்ணிக்கையை உயர்த்திக் காட்டினார்கள். விடுபட்டதைத் தேட ஸ்காலரைப் பயன்படுத்தலாம். தரவரிசைக்கு வேண்டாம்.

ஸ்கோபஸும் வெப் ஆஃப் சயின்ஸும் இதழ்களைத் தேர்ந்தெடுத்தே சேர்க்கின்றன. சுய மேற்கோளைக் கழித்தும் காட்டும். இரண்டுக்கும் நடுவே எனக்குப் பெரிய வேறுபாடு தெரியவில்லை. நிறுவனம் எதற்குச் சந்தா கட்டுகிறதோ அதுவே போதும். ஸ்கோபஸில் கவனிக்க வேண்டியது ஆசிரியர் அடையாள எண். பணியிடமோ பெயர் எழுதும் விதமோ மாறினால் ஒரே ஆள் இரண்டு, மூன்று எண்களாகப் பிரிந்து கிடப்பார். அவற்றை இணைக்காமல் எடுத்த எச்-குறியீடு குறைவாகவே இருக்கும்.

எச்-குறியீட்டிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. ஏழு கட்டுரைகளுக்கு 120, 45, 18, 9, 6, 5, 3 மேற்கோள்கள் என்றால் எச்-குறியீடு 5. முதல் கட்டுரை 1,200 மேற்கோள் பெற்றாலும் அதே 5தான். வயது கூடினால் எண்ணும் கூடும், குறையவே குறையாது. துறை வேறுபாடும் அதற்குத் தெரியாது. புரத அளவீட்டு முறை பற்றிய லவுரியின் 1951 கட்டுரைக்கு மூன்று லட்சத்துக்கும் மேல் மேற்கோள்கள். ஆய்வுக்கூடத்தில் தினமும் கையாளும் முறைக்கு மேற்கோள் குவிவது இயல்பு. அரிய நோய் பற்றிய நல்ல கட்டுரைக்கு முப்பதே வரலாம்.

இந்த இடத்தில்தான் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனங்கள் இலவசமாகத் தரும் ஐசைட் கைகொடுக்கிறது. 2016இல் வெளியான ஒப்பீட்டு மேற்கோள் விகிதம் அதன் அச்சாணி. ஒரு கட்டுரையோடு சேர்த்து மேற்கோள் காட்டப்படும் கட்டுரைகளை வைத்தே அதன் துறையை வரையறுத்து, ஆண்டுக்கான மேற்கோள் வேகத்தை ஒப்பிடும். 1.0 என்றால், அந்நிறுவனங்களின் நிதியில் வந்த கட்டுரைகளின் இடைநிலைக்கு, அதாவது வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் எண்ணுக்குச் சமம். பயன்படுத்துவது எளிது: மருத்துவக் கட்டுரைகளின் இலவசத் தேடுதளமான பப்மெட்டில் பெயரோடு, ஆய்வாளருக்கான தனி அடையாள எண்ணான ஆர்கிட் எண்ணையும் வைத்துத் தேடி, பட்டியலை ஆய்வாளரின் சொந்தப் பட்டியலோடு ஒப்பிட்டுச் சரிசெய்து, பப்மெட் எண்களை ஐசைட்டில் ஒட்டவும். சராசரியை மட்டும் பார்க்காதீர்கள். ஒரே பெரிய கட்டுரை அதை மேலே இழுத்துவிடும். இடைநிலை எண்தான் வழக்கமான கட்டுரை எப்படி என்று சொல்லும்.

குறைகளும் உண்டு. பப்மெட்டில் இல்லாத பொறியியல், கணினி இதழ்க் கட்டுரைகள் கணக்கில் வராது. ஆகவே மருத்துவப் படிம ஆய்வாளருக்கு ஸ்கோபஸின் துறைசார் மேற்கோள் தாக்கமே பொருத்தம், அங்கே 1.0 என்பது உலகச் சராசரி. மிகப் புதிய கட்டுரைகளுக்கு எந்த விகிதமும் உறுதியாக நிற்காது.

இதழின் தாக்கக் காரணியை (அதன் கட்டுரைகளுக்குச் சராசரியாக வரும் மேற்கோள் எண்ணிக்கையை) ஆளின் மதிப்பாக எடுக்கவே கூடாது. 2012இல் சான் பிரான்சிஸ்கோ கூட்டத்தில் உருவான, ஆய்வு மதிப்பீடு பற்றிய டோரா அறிக்கை கேட்டதும் அதைத்தான்.

எந்த எண்ணை எடுத்தாலும் ஆசிரியர் வரிசையைக் கையால் பார்த்தே ஆக வேண்டும். நூற்றுக்கணக்கானோர் சேர்ந்து எழுதிய கூட்டுக் கட்டுரைகள் பத்து இருந்தாலே எச்-குறியீடு வீங்கிவிடும். அவற்றைத் தனியே பிரித்துவிட்டு, முதல், கடைசி, தொடர்பு ஆசிரியராக இருக்கும் கட்டுரைகளுக்கு மட்டும் விகிதத்தை மறுபடி எடுங்கள். கூடவே, திரும்பப் பெறப்பட்ட கட்டுரை எதுவும் பட்டியலில் இருக்கிறதா என்று பப்மெட் பதிவிலேயே பார்த்துவிடுங்கள். திரும்பப் பெற்ற பிறகும் அதற்கு மேற்கோள்கள் வந்துகொண்டுதான் இருக்கும்.