சுவரில் சாக்பீஸா, போனில் ஸ்லோமோஷனா?

வாலிபால் பிள்ளைகளின் குதிப்பை எதில் அளப்பது என்று சென்னைக் கோச்சுகள் சிலர் கேட்டார்கள்.

செலவு: சுவரில், விரலில் சாக்பீஸ் தடவி நின்றபடி ஒரு தடம், குதித்து ஒரு தடம் வைத்து, இடைவெளியை அளக்கிறோம். அதற்குச் சாக்பீஸும் டேப்பும் போதும். போனில் விநாடிக்கு 240 பிரேம் (படம்) எடுக்கும் ஸ்லோமோஷன் வேண்டும்.

துல்லியம்: இங்கேதான் விஷயம். சுவரில், நின்றபடி தொடும்போது தோளை முழுசாக உயர்த்தாவிட்டால் குதிப்பு சும்மாவே கூடிவிடும், நம்மூர் வியர்வையில் தடமும் சரியாக விழாது. போனில், காற்றில் இருக்கும் நேரத்தைப் பிரேம்களில் எண்ணி, அதிலிருந்து உயரத்தைக் கணக்கிடுகிறோம். அரை விநாடி என்றால் சுமார் 31 செ.மீ., ஒரு பிரேம் தவறினாலும் அரை செ.மீ.தான் பிசகும், ஆனால் முழங்காலை மடக்கி இறங்கினால் கணக்கே பொய், அதனால் காலை நீட்டி இறங்கச் சொல்லுங்கள்.

வேகம்: 30 பேர் வரிசையில் நின்றால் சுவர்தான்.

அப்போ, மாதாமாத முன்னேற்றத்துக்குப் போன். கை எட்டும் உயரமும் தெரிய வேண்டிய அணித் தேர்வு நாளுக்குச் சுவர். எதுவானாலும் மூன்று முறை குதிக்கவிடுங்கள், 12 வயதுப் பிள்ளையை ஒரே குதிப்பில் ஒதுக்க எனக்கு மனசு வராது.